சொட்டுச் சொட்டாக ஒரு சொத்து

பழைய புல்லட் வைத்திருக்கிறவரிடம் போய், ‘‘சார், வண்டிக்கு அடியில ஆயில் ஒழுகுது’’ என்று சொல்லிப் பாருங்கள். பதற மாட்டார். குனிந்துகூடப் பார்க்க மாட்டார். மீசைக்குள் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, ‘‘ஒழுகுற வரைக்கும் கவலை இல்லை தம்பி. நின்னு போச்சுன்னாதான் பயப்படணும். உள்ளே ஆயில் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம்!’’ என்பார்.

இந்த ஜோக்கை என்னிடம் இதுவரை ஒரு டஜன் பேராவது சொல்லியிருப்பார்கள். ஒவ்வொருவரும் அது அன்று காலை பல் தேய்க்கும்போது தனக்கே தோன்றிய மாதிரிதான் சொன்னார்கள். நானும் முதல் தடவை கேட்கிற மாதிரியே சிரித்து வைத்தேன். மோட்டார் சைக்கிள்காரர்களுக்குள் அப்படி ஒரு மரியாதை உண்டு.

ஆனால் ஒரு விஷயம். ஒழுகுகிற ஆயில் கோலத்தின் மேல் விழுந்தால் வீட்டில் சண்டை, அவ்வளவுதான். பின்சக்கரத்தின் மேல் விழுந்தால்? வளைவில் வண்டி சாயும்போது டயரின் ஓரம்தான் தரையைப் பிடிக்கவேண்டும். ஆயிலும் அந்த ஓரத்தில்தான் போய் உட்காரும். இதைச் சொன்னால் மேற்படி ஜோக்குக்கு யாரும் சிரிப்பதில்லை.

எங்கள் எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர் சார் (ரிட்டயர்டு) அப்படித்தான் ஒருநாள் சாயங்காலம் முகம் வெளுத்து வந்து நின்றார். தெருமுனையில் திரும்பும்போது பின்சக்கரம் ஒரு முழம் வழுக்கியிருக்கிறது. காலை ஊன்றிச் சமாளித்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மாமி ஒன்றும் பேசாமல் இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே வந்துவிட்டார். இருபது வருஷம் அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போய்வந்தவர் அவர். ‘‘இனிமே இதுல ஏறச் சொல்லாதீங்கோ’’ என்று ஒரே வரி. புடவையில் வேறு ஆயில் கறை.

வண்டி 1976 மாடல். மெக்கானிக்கிடம் காட்டியதில், ‘‘எல்லா ஜாயின்டும் ஒழுகுது சார். எஞ்ஜினை இறக்கணும். இருபத்தஞ்சு ஆயிரம் எடுத்து வைங்க’’ என்றாராம். பக்கத்திலேயே நின்ற இன்னொருவர், ‘‘எதுக்கு சார் இந்த வயசுல? எஞ்ஜின் போன வண்டிதானே, ஒரு விலை போட்டு நானே எடுத்துக்கிறேன்’’ என்று உருகியிருக்கிறார். பழைய புல்லட்டுக்கு இன்று என்ன மவுசு என்பது அந்த உருகினவருக்குத் தெரியும். சாருக்குத் தெரியாது. விற்றுவிடுவதென்று முக்கால்வாசி முடிவு பண்ணிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

நான் படித்தது பி.காம். அதில் எஞ்ஜினைப் பற்றி ஒரு பேப்பரும் கிடையாது. ஆனால் என்னிடமும் இதே ஜாதி வண்டி ஒன்று இருப்பதால், காசு போகிற வழியைக் கண்டுபிடிக்கப் படித்த படிப்பை ஆயில் போகிற வழியைக் கண்டுபிடிக்க உபயோகித்து வருகிறேன். இரண்டும் ஒன்றுதான். கணக்கு உதைக்கிற இடம் வேறு, தப்பு நடந்த இடம் வேறு.

முதலில் வண்டியின் பூர்வீகம். 1955-ல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பமானது. இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஊரில் போட்ட டிசைன், நம்ம திருவொற்றியூரில் தயாரானது. ரெட்டிச் காரர்கள் கடையைக் கட்டிய பிறகும் இங்கே விடவில்லை. அந்த வார்ப்பிரும்பு எஞ்ஜின் 2010 வாக்கில்தான் ஓய்வு பெற்றது. நடுவில், 1984, 85-ல் ஜப்பான் கூட்டில் 100 சிசி வண்டிகள் வந்து இறங்கின. தரையில் ஒரு சொட்டு விழாமல் நின்றன. அதுவரை ‘மோட்டார் சைக்கிள் என்றால் ஒழுகும்’ என்றிருந்த நாட்டுக்கு அது பெரிய அதிர்ச்சி.

புல்லட் ஏன் ஒழுகுகிறது? சேம்பர் என்று நாம் சொல்கிற அடிப்பெட்டி, செங்குத்தாகப் பிளந்த இரண்டு பாதிகளைச் சேர்த்து முடுக்கியது. பிளவு ஆயில் இருக்கிற இடத்தையும் தாண்டிக் கீழே வரை போகிறது. வலப்பக்கம் டைமிங் கவர், பில்டர் மூடி, ஆயிலை அனுப்ப ஒரு பம்ப், திரும்ப இழுக்க ஒரு பம்ப். இடப்பக்கம் கிளட்ச் கவர். மேலே டேப்பட் கவர்கள், அவற்றுக்கு ஆயில் கொண்டுபோகிற குழாய்கள். அத்தனைக்கும் நடுவில் பேக்கிங். ஒரு வீட்டுக்கு இவ்வளவு கதவு இருந்தால் கொசு வரத்தான் செய்யும். ஆனால் எல்லாக் கதவும் ஒரே நாளில் திறந்துகொள்ளாது. அப்படித் திறந்தால் உள்ளேயிருந்து யாரோ தள்ளுகிறார்கள் என்று அர்த்தம்.

இதைத்தான் சாரிடம் கேட்டேன். ‘‘எப்போதிலிருந்து சார்?’’

‘‘பெங்களூர்ல பொண்ணு வீட்டுக்குப் போய் நாலு மாசம் இருந்துட்டு வந்தோமே, அதுக்கப்புறம்தான். போறதுக்கு முன்னாடி எப்பவாவது ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு. இப்போ தீபாவளி எண்ணெய்க் குளியல்!’’

ஷெட்டில் சும்மா நிற்கும்போது நாலே மாதத்தில் ஏழெட்டு பேக்கிங் கூட்டணி வைத்துக்கொண்டு ராஜினாமா செய்யுமா?

ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பமானது. பழைய டூத் பிரஷ், ஒரு கிண்ணம் டீசல், கந்தல் துணி. முதல் வேலை குளிப்பாட்டல். நாற்பது வருஷ அழுக்கு எஞ்ஜின் மேல் இட்லி மாவு மாதிரி படிந்திருந்தால் எது புது ஒழுக்கு, எது பழைய ஒழுக்கு என்று பிரம்மாவுக்கே தெரியாது. துடைத்துக் காயவிட்டு, பேத்திக்கு வாங்கி மிச்சமிருந்த பவுடரை எஞ்ஜின் முழுக்கத் தூவினோம். மாமி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ‘‘பொட்டும் வெச்சு விடுங்கோ’’ என்றார்.

பவுடர் விளையாட்டு அல்ல. ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் கசிகிற இடத்தில் பவுடர் நனைந்து கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டின் கீழ் முனையைப் பார்க்காதீர்கள். அங்கேதான் எல்லோரும் பார்க்கிறார்கள். மேல் முனை, அதிலும் முன்பக்கத்து மேல் முனை – அதுதான் குற்றவாளி. ஓடுகிற வண்டியில் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், பூமி கீழே இழுக்கும். டேப்பட் கவரில் கசிந்தது சேம்பருக்கு அடியில் வந்து சொட்டும். பாவம், சேம்பரைப் பிரித்துப் போடுவார்கள்.

ராத்திரி நிறுத்தும்போது அடியில் நியூஸ் பேப்பர் விரித்து வைப்பதும் நல்லது. இடப்பக்கம் தெளிவான ஆயில் சொட்டியிருந்தால் கிளட்ச் கவர்; இந்த வண்டியில் அதற்குத் தனி ஆயில். கறுப்பாக இருந்தால் எஞ்ஜின் ஆயில். பின்னால் தள்ளி, கெட்டியாக, விளக்கெண்ணெய் மாதிரி இருந்தால் கியர் பாக்ஸ். டாக்டர்கள் பார்க்கிற டெஸ்ட் மாதிரிதான். என்ன, ஃபீஸ் இல்லை.

சார் வண்டியில் எல்லா இடத்திலும் கோடு. வரைபடத்தில் தாமிரபரணி, வைகை, காவிரி எல்லாம் ஒன்றாகப் பார்த்த மாதிரி இருந்தது. ‘‘பாத்தியா, மெக்கானிக் சொன்னது சரிதான்’’ என்று சார் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே பிரஷர் குக்கரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். வெயிட் போடுகிற ஓட்டையில் ஒரு பருக்கை போய் அடைத்துக்கொண்டால் ஆவி எங்கே போகும்? மூடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் வழியாகச் சீறும். உடனே புது ரப்பர் வாங்கி மாட்டுவோமா, ஓட்டையைக் குத்தி விடுவோமா? எஞ்ஜினும் அப்படியே. பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் சேம்பரில் இருக்கிற காற்றை அமுக்குகிறது. ஒற்றை சிலிண்டர், 350 சிசி. நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் விநாடிக்கு ஐம்பது அமுக்கல்! அந்தக் காற்று வெளியேற ப்ரீதர் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காற்று வெளியே போகலாம், திரும்பி உள்ளே வரக்கூடாது. அந்த வழி அடைந்தால் காற்று ஆயிலையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிடைத்த இடுக்கு வழியாகவெல்லாம் வெளிநடப்புச் செய்யும். சட்டசபை மாதிரி.

ப்ரீதர் குழாயைக் கழற்றி சார் ஊதிப் பார்த்தார். கன்னம் உப்பியதே தவிரக் காற்று போகவில்லை. ஒரு கம்பியை விட்டுக் குடைந்ததும் பொலபொலவென்று செம்மண் கொட்டியது. நாலு மாதம் ஆள் இல்லாத ஷெட்டில், ஒரு குளவி அந்தக் குழாய்க்குள் அழகாகக் கூடு கட்டிக் குடித்தனம் நடத்தியிருக்கிறது!

‘‘குளவி கூடு கட்டினா வீட்ல குழந்தை பிறக்கும்பாங்களே’’ என்றேன்.

‘‘பொண்ணுக்கு ரெண்டாவது இப்போ அஞ்சாம் மாசம்’’ என்றார் மாமி ஜன்னலிலிருந்து. அதற்கு எஞ்ஜினியரிங்கில் விளக்கம் கிடையாது.

குழாயைச் சுத்தம் செய்து மாட்டி மறுபடி பவுடர் போட்டு ஓட்டியதில், நதிகள் முக்கால்வாசி வற்றிவிட்டன. இருபத்தைந்தாயிரம் ரூபாய் எஸ்டிமேட், ஒரு கைப்பிடி செம்மண்! உங்கள் வண்டியில் குளவி இருக்கவேண்டும் என்றில்லை. ரப்பர் இறுகிப் போயிருக்கலாம், குழாய் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கலாம். குழாய் சுத்தமாக இருந்தும் அதன் வழியே புகை குபுகுபுவென்று வந்தால் மட்டும் கதை வேறு. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. எத்தனை பேக்கிங் மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

மிச்சம் மூன்று ஒழுக்கு. அவை நியாயமான ஒழுக்குகள்.

இங்கேதான் நம் ஆட்கள் ஸ்பானரைத் தூக்குவார்கள். ஒழுகினால் இறுக்கு. மறுபடி ஒழுகினால் இன்னும் இறுக்கு. இடப்பக்கத்துக் கிளட்ச் கவரைப் பாருங்கள். அவ்வளவு பெரிய மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. சுற்றி ஓடுகிற ரப்பர்தான் ஆயிலைத் தடுக்கிறது. நட்டை ஏறி மிதித்து இறுக்கினால் மூடி நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். அப்புறம் இறுக்க இறுக்க ஒழுகும்! (மனித உறவுகளோடு ஒப்பிடலாம். வேண்டாம், வேறு பக்கத்தில் அதற்கு ஒருவர் எழுதுகிறார்.) புது ரப்பரைப் பள்ளத்தில் சரியாக உட்காரவைத்து, லேசாக கிரீஸ் தடவி, கைக்கு அடக்கமாக முடுக்கினால் போதும்.

மற்ற இடங்களில் இருப்பது அலுமினியம். போல்ட் இரும்பு. இரண்டுக்கும் மல்லுக்கட்டு நடந்தால் ஜெயிப்பது யார் என்று சொல்லவேண்டியதில்லை. மரை போய்விடும். மரை கழண்ட ஆளைக்கூட வைத்துக் குடும்பம் நடத்திவிடலாம். மரை கழண்ட சேம்பரை வைத்து வண்டி ஓட்டமுடியாது. லேத்துக்குக் கொண்டுபோய் ஓட்டையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருளை இறக்கவேண்டும். நாலைந்து போல்ட் இருக்கிற மூடிகளில் ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிர் எதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக.

டேப்பட் கவரில் பேக்கிங் அப்பளமாகிக் கிடந்தது. தொட்டதும் நொறுங்கியது. பழைய பேக்கிங்கின் மிச்சத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் அதுவே ஆயிலுக்கு வாய்க்கால். ஊறவைத்துப் பழைய பிளேடைப் படுக்கையாக வைத்து வழித்தால் வந்துவிடும். மூடியின் முகம் சமமாக இல்லையென்றால் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நைஸ் எமரித்தாளை விரித்து, மூடியை அதன்மேல் எட்டு போட்டுத் தேய்க்கவேண்டும். மாவு ஆட்டுகிற பொறுமை வேண்டும். சார் முப்பது வருஷம் எட்டாம் வகுப்பை மேய்த்தவர். அவரிடம் அது ஏராளமாக இருந்தது.

பேக்கிங் செட் வாங்க சென்னையில் ஜி.பி. ரோடு இருக்கிறது. கிடைக்காத அளவென்றால் பேக்கிங் ஷீட் வாங்கி மூடியின் மேல் வைத்து, ஓரத்தைச் சுற்றிச் சின்ன சுத்தியலின் உருண்டை முனையால் தட்டினால் அச்சு அப்படியே வெட்டுப்பட்டு வரும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் காலண்டர் அட்டையிலும் கல்யாணப் பத்திரிகையிலும்கூட வெட்டுவார்கள். அவசரத்துக்குத் தாங்கும். பையனுக்கு டைவர்ஸ் ஆன பிறகும் அவன் கல்யாணப் பத்திரிகை டைமிங் கவருக்குள் உழைத்துக்கொண்டிருந்த கதையைக் கேட்டிருக்கிறேன்.

ட்யூபில் வருகிற சிலிகான் பசை விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கறார். பல் தேய்க்கிற பேஸ்ட் மாதிரி பிதுக்குகிறார்கள். வெளியே பிதுங்கினது நமக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்குமே? அது பிய்ந்து ஆயில் போகிற துவாரத்தில் உட்கார்ந்தால், ஒழுக்கு நிற்கும் – எஞ்ஜினும் நிற்கும். தடவுவதாக இருந்தால் விரலால் பூசின மாதிரி ஒரு படலம் போதும். இன்னொரு வைத்தியம் பார் சோப். பெட்ரோல் டாங்க் ஒழுகினால் சோப்பை அப்பி ஊர் வந்து சேரலாம், உண்மைதான். பெட்ரோல் சோப்பைக் கரைக்காது. அதை நம்பிச் சூடான எஞ்ஜினில் அப்பினால் நுரைதான் மிச்சம்.

மூன்றாவது ஒழுக்கு, ஹெட்டுக்கு ஆயில் ஏற்றும் குழாயின் செம்பு வாஷரில். செம்பு பழசானால் கெட்டிப்பட்டுவிடும். புதுசு வாங்கலாம், இல்லாவிட்டால் கேஸ் அடுப்பில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். சார் இதற்காக மாமியின் சப்பாத்தி இடுக்கியை எடுத்ததும், அது சம்பந்தமாக உள்ளே நடந்த பேச்சுவார்த்தையும் இங்கே தேவையில்லை. வாஷர் மெத்தென்று ஆயிற்று.

இன்னொரு கண்கட்டு வித்தையும் இந்த வண்டியில் உண்டு. இதில் ஆயிலுக்குத் தனி அறை. பம்ப்தான் அங்கிருந்து எடுத்து அனுப்புகிறது. பம்ப் கொஞ்சம் தேய்ந்திருந்தால், வண்டி பல நாள் சும்மா நிற்கும்போது ஆயில் மெல்ல நழுவி சேம்பருக்குள் இறங்கிவிடும். நீங்கள் ஊரிலிருந்து வந்து அளவுக்கோலை எடுத்துப் பார்த்தால் வறட்சி! அய்யய்யோ என்று ஒரு லிட்டர் ஊற்றுவீர்கள். எஞ்ஜினைக் கிளப்பியதும் கீழே இருந்ததெல்லாம் மேலே திரும்பி வந்து, உபரி முழுக்க ப்ரீதர் வழியாகக் கக்கும். மொத்தமே இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் பிடிக்கும். சஸ்பென்ஸ் அக்கவுண்டில் இருக்கிற பணத்தைத் திருட்டுப் போய்விட்டது என்று போலீசுக்குப் போகிற மாதிரி இது. ஓடி நின்ற கொஞ்ச நேரத்தில் அளவு பாருங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால், சேம்பர் டிரெயின் பிளக்கைக் கழற்றி அங்கே என்ன தங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கிக்கரை உதையுங்கள்.

கியர் பாக்ஸை நாங்கள் தொடவில்லை. இந்தப் பழைய நாலு கியர் பெட்டிக்கு கிரீஸ் கலந்து போடுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். அது தெரியாமல் தண்ணியான ஆயிலை ஊற்றிவிட்டு ‘நிற்க மாட்டேங்குது’ என்றால் எப்படி நிற்கும்? அதிலிருந்து ராத்திரிக்கு ஒரு சொட்டு விழுகிறது. விழட்டும். ஒரு பிஸ்கட் டின் மூடி வைத்தாகிவிட்டது.

கடைசியாகப் பின்சக்கரம். டயரை சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, பிரேக் டிரம்மைப் பிரித்தோம். பிரேக் ஷூ ஆயில் குடித்துப் பளபளவென்று இருந்தது. ‘‘எமரித்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டிடலாமா?’’ என்றார் சார், சிக்கனமாக. ஆயில் குடித்த ஷூ குடித்ததுதான். சூடானதும் மறுபடி கக்கும். புதுசு போட்டோம். டீசல், ரப்பர், வாஷர், பேக்கிங், ஷூ எல்லாம் சேர்த்துப் பேரேட்டில் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. உருகினவருக்கு சாரே போன் பண்ணி, ‘‘வண்டி விக்கிறதா இல்லை’’ என்று சொல்லிவிட்டார். மறுமுனையில் ஏற்பட்ட துக்கம் எதிர்வீடு வரை கேட்டது.

வடித்த பழைய ஆயில் ஒன்றரை லிட்டர். சாக்கடையில் ஊற்ற சார் சம்மதிக்கவில்லை. ‘‘கொசு சாகும் சார்’’ என்று வழியில் போன ஒருவர் ஆலோசனை சொன்னதற்கு, ‘‘நாமளும்தான்’’ என்று பதில் கிடைத்தது. பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிற மேஸ்திரி, சென்டரிங் பலகைக்குத் தடவ வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார். குளிர்பான பாட்டிலில்தான் ஊற்றிக் கொடுத்தோம். கொடுப்பதற்கு முன் சார் அதில் காகிதம் ஒட்டி, சிவப்பு மசியில், ஹெட்மாஸ்டர் கையெழுத்தில், ‘இது பானம் அல்ல’ என்று எழுதி, கீழே தேதி போட்டார்.

மாமி பின்சீட்டில் ஏறிவிட்டாரா என்று கேட்கிறீர்களா? சென்ற வெள்ளிக்கிழமை கோயில் வரைக்கும். வாசலில் வண்டி ரெடியாக நின்றபோது, கையில் ஒரு பழைய துணியோடு வந்து, டயரை மூன்று இடத்தில் துடைத்து, துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

‘‘ம்... போகலாம்’’ என்றார்.